ஊதாக் கொக்கி

வாசலுக்கு வெளியே இருந்த காஸ் மீட்டர் பெட்டிக்குள் தோள்வரை கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாத வால்வைத் துழாவிக்கொண்டிருந்தான் அவன். கதவுக்கு அந்தப் பக்கம் அடுப்பில் பால். இந்தப் பக்கம், கையிலிருந்த குப்பைப் பையை நழுவவிட்டு, ஒற்றைச் செருப்போடு அவன். நடுவில், சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் ரகக் கதவு. சாவி உள்ளே. நாலு வயது மகளும் உள்ளே.

காற்று ஒரே ஒரு தள்ளுத் தள்ளியது. 'க்ளிக்'. அவ்வளவுதான்.

வால்வு விரலில் பட்டது. திரும்புவேனா என்று அடம்பிடித்தது. உள்ளங்கை சிவக்க ஒரு திருகு. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு திருகு. ஓடிவந்து கதவில் காதை வைத்தான். சமையலறைப் பக்கமிருந்து வந்த 'உஸ்' சத்தம் மெலிந்து, ஒருமுறை விக்கி, அடங்கியது. பால் பொங்கி வழிந்தால் துடைத்துவிடலாம். வழிந்த பால் தீயை அணைத்து, காஸ் மட்டும் வீடெல்லாம் பரவினால்? அந்த நினைப்பை மேலே ஓடவிடாமல் நிறுத்தினான். அதுதான் அடைத்தாயிற்றே.

"மேனேஜரம்மா," என்றான் கதவிடம். "கதவைத் திறங்க."

மகளுக்கு அவன் வைத்த பட்டப்பெயர் அது. எப்போது எழுவது, எந்தத் தட்டில் சாப்பிடுவது, எந்தக் கதையை மறுபடியும் முதலிலிருந்து சொல்வது என்று சகல உத்தரவுகளும் அங்கிருந்துதான் பிறக்கும். அவன் பார்த்த மேனேஜர்களிலேயே கறாரானவள். திட்டிய கையோடு மடியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள் என்பதுதான் மற்றவர்களோடு வித்தியாசம்.

உள்ளே சின்னக் காலடிகள் ஓடிவந்து கதவருகே நின்றன. கைப்பிடி அவளுக்கு எட்டும். ஒரு அழுத்து அழுத்தினால் போதும்.

"ரகசிய வார்த்தை சொல்லுங்க," என்றது குரல்.

அவன் கதவிடுக்கில் வாயை வைத்தான்.

"அப்பாதான்டா செல்லம். குரல் தெரியலையா?"

"அப்பா மாதிரியே திருடன் பேசுவான். அப்பா சொல்லியிருக்காரு."

சொல்லியிருக்கிறான். ஒருமுறை இரண்டுமுறையா? இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்த காலத்தில் அவனுடைய வேலையே திருட்டுப்போன வீடுகளைப் போய்ப் பார்ப்பதுதான். உடைத்த பூட்டுகளை அவன் அதிகம் பார்த்ததில்லை. முக்கால்வாசிக் கதவுகள் உள்ளேயிருந்து மரியாதையாகத் திறந்துவிடப்பட்டவை. 'தெரிஞ்ச குரல் மாதிரி இருந்துச்சு சார்' என்று அழாதவர்களே இல்லை. அதனால்தான், மகளுக்குக் கைப்பிடி எட்டிய அன்றே அவன் சட்டம் போட்டான். தினம் ஒரு வார்த்தை. காலையில் பல் தேய்க்கும்போது அவள் சொல்வாள். அப்பா திருப்பிச் சொல்ல வேண்டும். யாராக இருந்தாலும், எப்படிக் கெஞ்சினாலும், அன்றைய வார்த்தை இல்லாமல் கதவு திறக்கக் கூடாது. அவளும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வங்கிப் பெட்டகத்துக்குப் பொறுப்பாளி மாதிரி எடுத்துக்கொண்டாள்.

எல்லாம் சரி. இன்றைக்கு என்ன வார்த்தை?

இன்றைக்குக் காலையில் அவள் வாய் நிறைய நுரையோடு வந்து எதையோ சொன்னாள். அவன் வாயில் பென்சிலைக் கவ்விக்கொண்டு, முன்னறைச் சுவரில் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தான். "உம்" என்றான். உலகத்தில் வீட்டோடு இருக்கும் அத்தனை அப்பாக்களும் அம்மாக்களும் ஆயிரம் முறை சொல்லித் தப்பித்த அதே 'உம்'. இன்றைக்கு அதுவே காலைப் பிடித்து இழுத்துவிட்டது.

"சோப்புக் குமிழி?"

"அது நேத்து."

"இடது கால் சாக்ஸ்?"

"அது எப்பவோ."

"ஒரு சின்னக் க்ளூ குடுங்க மேனேஜரம்மா."

"க்ளூ கேக்கறவன் திருடன்," என்றது கதவு.

நியாயம். அதையும் சொல்லிக்கொடுத்தது அவன்தான்.

மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். மேல் வீட்டு இரட்டைக் குழந்தைகளின் அம்மா இறங்கிவரும் நேரம். அந்தம்மாவின் கண்ணில் மட்டும் இந்தக் கோலம் பட்டுவிடக் கூடாது. வருகிற திங்கட்கிழமை காலையில் தன்னுடைய இரண்டு பிள்ளைகளையும் இவனை நம்பி இதே கதவுக்குள் விடப்போகிறவர். ஆறு மாதமாக மாலை வகுப்புக்குப் போய்ப் பயிற்சி முடித்து, பரிசோதகர்கள் வந்து ஜன்னல் கம்பியிலிருந்து கழிப்பறைத் தாழ்ப்பாள்வரை சோதித்து, அனுமதியும் வந்தாயிற்று. திங்கட்கிழமை முதல் இந்த வீட்டின் முன்னறை, பகல்நேரக் குழந்தைகள் காப்பகம். நடத்தப்போகிறவன், தன் வீட்டுக்கு வெளியே தானே மாட்டிக்கொண்டு நிற்கிறான்.

காலடிச் சத்தம் கேட்டது. மேலேயிருந்து இல்லை, கீழேயிருந்து. பாலிஷ் போட்ட ஷூ. படிக்கட்டுக்கே உத்தரவு போடுகிற மாதிரி ஒரே சீரான நடை.

இரட்டையரின் அம்மா வந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. வந்தது மச்சான். மனைவியின் அண்ணன். பெரிய குடோன் ஒன்றுக்கு மேலாளர். அங்கே ஒரு சூப்பர்வைசர் இடம் காலியானதிலிருந்து அதைத் தன் தங்கை புருஷனுக்காகப் பிடித்துவைத்துக்கொண்டு, இன்றைக்குள் பதில் வேண்டும் என்று கழுத்தில் கத்தியை வைத்திருப்பவர். சேர வேண்டிய நாளும் அதே திங்கட்கிழமைதான்.

கடைசிப் படியில் நின்று, ஒற்றைச் செருப்பையும் குப்பைப் பையையும் கதவையும் வரிசையாகப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, எப்பவும் வீட்டுக்குள்ளயேதான் இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். இன்னைக்குப் பாத்தா வெளிய இருக்கீங்க."

"காத்து சாத்திடுச்சு மச்சான்."

"பாப்பா?"

"உள்ள."

அடுத்த வினாடியே மச்சான் உடம்பில் குடோன் மேலாளர் ஏறிவிட்டார். அவனை ஒதுக்கிவிட்டுக் கதவைத் தட்டினார். "கண்ணு, மாமா வந்திருக்கேன். கதவைத் திற பாப்போம். மாமா சாக்லேட் வச்சிருக்கேன்."

உள்ளே சின்னக் காலடிகள் ஒரு எட்டு பின்னால் போயின.

"சாக்லேட் தரேன்னு சொல்றவன் பெரிய திருடன்," என்றாள் மேனேஜர்.

"இது என்ன மாப்பிள்ளை பிள்ளை வளர்ப்பு?" மச்சான் சட்டைக் கையை மடித்துவிட்டார். "தள்ளுங்க. ரெண்டு இடி இடிச்சா வந்துரும்."

அவன் அந்த மணிக்கட்டைப் பிடித்தான். மச்சானை அப்படித் தொட்டது அதுவே முதல் தடவை. இருவருக்கும் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

"இடிக்காதீங்க. பயந்தா கட்டிலுக்கு அடியில போயிடுவா. அப்புறம் வார்த்தை தெரிஞ்சாலும் திறக்க ஆள் இருக்காது. அடுப்பை நான் அடைச்சாச்சு. இப்ப ஒரு அவசரமும் இல்ல. என்னை யோசிக்க விடுங்க."

கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். கண்ணை மூடிக் காலையைத் திரும்ப ஓட்டினான். திருட்டுப்போன வீட்டில் நடந்ததைத் திரும்பக் கட்டியெழுப்புவதுதானே பழைய பிழைப்பு. அவள் எங்கே நின்றாள்? தரையில் அவன் வைத்திருந்த காகிதப் பைக்குப் பக்கத்தில். பைக்குள் என்ன? குழந்தைகள் பை மாட்டுவதற்கு, அவர்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்திருந்த கொக்கிகள். சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா. அவள் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். எது? நேற்றெல்லாம் எதற்காக அழுதாள்? எந்த நிறத்தை யாருக்கும் தரமாட்டேன் என்றாள்?

தலையைத் திருப்பாமலே சொன்னான். "ஊதாக் கொக்கி."

கைப்பிடி கீழே இறங்கியது. சாய்ந்திருந்தவன் மல்லாக்க உள்ளே விழுந்தான். தலைக்கு மேலே தலைகீழாக மேனேஜரின் முகம், இடுப்பில் இரண்டு கை.

"ஏன் இவ்ளோ லேட்டு?" என்றாள்.

மச்சான் செருமிக்கொண்டே அவனைத் தாண்டி உள்ளே போனார். அவன் எழுந்து நேராக அடுப்புக்குப் போய்க் குமிழை மூடினான், ஜன்னலைத் திறந்தான், வெளியே போய் வால்வை முன்போல் திருப்பிவைத்தான், சாவியை எடுத்துக் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டான். அந்தக் கயிறு இனி குளிக்கும்போதுகூடக் கழுத்தை விட்டு இறங்காது. தப்பு அவனுடையதுதான். காற்றுடையது இல்லை, பிள்ளையுடையது இல்லை. அவன் சொன்ன 'உம்'முடையது. திங்கட்கிழமைக்குப் பிறகு அந்த ஒலிக்கு இந்த வீட்டில் தடை.

டீக்குத் தண்ணீர் வைத்தான். முன்னறையில் மச்சான் நாற்காலியில் உட்காரவில்லை; நின்றுகொண்டே குடோனில் சரக்கைக் கணக்கெடுப்பது போல அறையைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவருடைய தங்கை இந்நேரம் வானத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டிருப்பாள். நேற்று அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "எனக்கு ரெண்டும் சம்மதம். ஆனா எங்கண்ணன்கிட்ட நீயே வாயைத் திறந்து சொல்லணும். நான் நடுவுல வரமாட்டேன்." அவள் சொன்னது சரி. கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு எதை யார் தூக்க வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும்.

தண்ணீர் கொதிக்கும்வரை அவன் மனசு வழக்கம்போல் ஊர் சுற்றப் போனது. வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு அதற்குக் கால் முளைத்துவிட்டது. எண்களே இல்லாத கடிகாரம் ஒன்று செய்ய வேண்டும். 'பசி', 'தூக்கம்', 'சும்மா அழுகை' என்று மூன்றே பிரிவு, முள் எங்கே நிற்கிறதோ அதுதான் நேரம். தூங்காத குழந்தைகளை வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு பஸ் விட வேண்டும். எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் ஊரைச் சுற்றிச் சுற்றி வரும், கண்டக்டர் குசுகுசுவென்றுதான் பேசுவார். 'அம்மா பிடிக்குமா, அப்பா பிடிக்குமா' என்று குழந்தையிடம் கேட்கும் பெரியவர்களை மூலையில் நிற்கவைக்க ஒரு சட்டம். ஜோடி தொலைந்த சாக்ஸ்களுக்குத் திருமணத் தகவல் மையம். இதையெல்லாம் மனைவியிடம் சொன்னால் சிரிப்பாள். மேனேஜரிடம் சொன்னால் திருத்தம் சொல்வாள். ஆபீசில் உட்கார்ந்திருந்த வருடங்களில் இப்படி ஒரே ஒரு யோசனைகூட வந்ததில்லை என்பதைத்தான் அவன் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

"இது என்ன சுவத்துல, முட்டிக்கால் உயரத்துல கொக்கி?" மச்சானின் குரல். "பூனைக்குத் துணி மாட்டவா?"

டீயை நீட்டிக்கொண்டே சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். பயிற்சி, அனுமதி, முன்னறை, திங்கட்கிழமை. நினைத்ததைவிடக் குறைவான வார்த்தைகளில் முடிந்துவிட்டது. மேனேஜர் தரையில் குந்தி ஒரு கரடிப் பொம்மைக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சான் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, தப்பா நெனைக்காதீங்க. உங்க மேல இருக்கற மரியாதையில கேக்கறேன். வேலை போயிடுச்சா, போகட்டும். இடுப்பு வலியா, சொல்லுங்க, டாக்டரைப் பாப்போம். நேரம் சரியில்லையா, அதுவும் சரி. நாலு பேரு கேட்டா சொல்றதுக்கு எனக்கு ஒரு காரணம் குடுங்க."

"பிடிச்சிருக்கு மச்சான்."

"என்ன பிடிச்சிருக்கு?"

"இந்த வேலை. புள்ளைங்களோட இருக்கறது."

மச்சான் அதைக் காரணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. யாரும் எடுத்துக்கொண்டதில்லை. நோய்க்கு இரக்கம் உண்டு, நஷ்டத்துக்கு ஆறுதல் உண்டு, சோம்பேறித்தனத்துக்குக்கூடத் திட்டு என்கிற மரியாதை உண்டு. பிடித்திருக்கிறது என்று சொல்லும் ஆம்பளையை எந்த அலமாரியில் வைப்பதென்று எவருக்கும் தெரிவதில்லை.

"நம்ம குடோன்ல உங்களுக்கு ஒரு கேபின் வாங்கிவச்சிருக்கேன். ஏசி. கண்ணாடிக் கதவு," என்றார் மச்சான், தணிந்த குரலில். "அதை விட்டுட்டு ஊரான் வீட்டுப் புள்ளைக்கு மூக்கு தொடைக்கப் போறீங்க."

"கண்ணாடிக் கதவு வேணாம் மச்சான். இந்தக் கதவே போதும்."

"எந்தக் கதவு? இப்ப வெளிய நின்னீங்களே, அதுவா? இந்த லட்சணத்துல அடுத்தவன் புள்ளையை வேற."

"வெளிய நின்னது என் தப்பு. மறுபடி நடக்காது." அவன் குரல் உயரவில்லை, ஆனால் ஒரு அங்குலம்கூடப் பின்வாங்கவும் இல்லை. "ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. பெத்த அப்பன், சொந்தத் தாய்மாமன், ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கெஞ்சியும் நாலு வயசுப் புள்ள கதவைத் திறக்கல. அழல, பயப்படல, அடுப்புக்கிட்ட போகல. அதை அவளுக்குச் சொல்லிக்குடுத்தது யாரு? நான் சும்மா இருக்கேன்னு நீங்க சொல்ற இந்த ரெண்டு வருஷத்துலதான் சொல்லிக்குடுத்தேன்."

மச்சான் டீயைக் குடித்தார். பிறகு வேறு பக்கம் தாவினார்.

"சரி, யாரு வர்றது உங்க காப்பகத்துக்கு? ஆள் வேணுமே."

"மேல் வீட்டு இரட்டைப் பசங்க. அப்புறம் இன்னொரு பையன். நடக்கப் பழகறான்."

"அது யாரு வீட்டுப் பையன்?"

"சொல்றதுக்கில்ல. அவங்க வீட்ல இன்னும் பேசி முடிக்கல. அவன் அம்மா சொல்லிக்கறேன்னு சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் வாயைத் திறக்கமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

மச்சான் சிரித்துவிட்டார். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. "அப்ப அந்தப் பையனோட அப்பனுக்கே தெரியாது. அப்படித்தானே? நல்லாருக்கு மாப்பிள்ளை. வீட்ல என்ன நடக்குதுன்னே தெரியாம ஒருத்தன் வேலைக்குப் போயிட்டு வந்துட்டிருக்கான் பாருங்க. அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும், நிக்கவச்சு ரெண்டு கேள்வி கேப்பேன்."

அவன் டீயை விழுங்கினான். நாக்கு சுட்டது. சொல்வதற்கு ஒரு வாக்கியம் நாக்கின் நுனியிலேயே நின்றது. அதைச் சொன்னால் இந்தப் பேச்சு இதோடு முடிந்துவிடும்; குடோனும் கேபினும் கண்ணாடிக் கதவும் ஒரே மூச்சில் பறந்துவிடும். ஆனால் வாக்கு வாக்குதான். ஒரு தாய் தன் பிள்ளையை நம்பிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ரகசியத்தைக் கொடுத்துப் பார்க்கிறாள். அதையே காப்பாற்ற முடியாதவன் பிள்ளையை எங்கே காப்பாற்றுவான்?

"நான் வரல மச்சான்," என்றான். "குடோனுக்கு வேற ஆளைப் பாருங்க. எனக்குத் திங்கட்கிழமை வேலை இருக்கு."

சொல்லிவிட்டான். மேனேஜர் கரடியின் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

மச்சான் கோப்பையைக் கீழே வைத்தார். முகத்தில் கோபம் இல்லை. தோற்ற கேஸை மேல்கோர்ட்டுக்குக் கொண்டுபோகும் வக்கீலின் நிதானம்தான் இருந்தது. செல்போனை எடுத்தார்.

"என் பேச்சைத்தான் கேக்கமாட்டீங்க. உங்க அக்கா மேல மரியாதை வச்சிருக்கீங்கல்ல? அவளும் புள்ளையை வச்சுக்கிட்டு வீட்லதான் இருக்கா. அவ வாயாலயே கேளுங்க. இது பொம்பளைங்க பாத்துக்கற வேலையா, ஆம்பளைக்கு அடுக்குமான்னு."

மச்சானின் மனைவியைத்தான் அவன் அக்கா என்று கூப்பிடுவது.

"வேணாம் மச்சான்," என்றான். குரலில் உண்மையான பதற்றம் இருந்தது. "அக்காவை இதுல இழுக்காதீங்க. வீட்டுக்குப் போயி நிதானமா பேசிக்குங்க."

"பயமா இருக்கா?" மச்சானுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஸ்பீக்கரைப் போட்டுப் போனை டீப்பாய் மேல் வைத்தார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். பின்னணியில் யாரோ பாத்திர மூடியைத் தரையில் அடித்துக்கொண்டிருக்கும் சத்தம்.

"நான் மாப்பிள்ளை வீட்லேர்ந்து பேசறேன். ஸ்பீக்கர்ல இருக்கே. குடோன் வேலை வேணாமாம். புள்ளைங்களைப் பாத்துக்கப் போறாராம். யாரோ ஒரு கூறுகெட்டவன் பொண்டாட்டி, புருஷனுக்கே தெரியாம இவர்கிட்ட புள்ளையை விடறாளாம். நீயே ரெண்டு வார்த்தை சொல்லு."

அந்தப் பக்கமிருந்து மூடியின் சத்தம் மட்டும். டம், டம்.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்." அக்காவின் குரல் நிதானமாக வந்தது. "தம்பி, நீங்க சொல்லிட்டீங்களா?"

"இல்லக்கா," என்றான் அவன் போனைப் பார்த்து. "ஒரு வார்த்தை சொல்லல."

"தெரியும். நீங்க சொல்லமாட்டீங்க." ஒரு மூச்சு இழுபட்டது. "என்னங்க, நேத்து சாப்பிடும்போதே சொல்லணும்னுதான் வந்து உக்காந்தேன். நீங்க கை கழுவற வரைக்கும் தம்பிக்கு வேலை வாங்கிக்குடுக்கறதைப் பத்தியே பேசிட்டிருந்தீங்க. என்னைப் பேச எங்க விட்டீங்க?"

மச்சான் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "என்ன சொல்லணும்?"

"பழைய லேப்ல என்னைத் திரும்பக் கூப்பிட்டுட்டாங்க. திங்கக்கிழமை சேர்றேன். நம்ம பையனைத் தம்பிகிட்டதான் விடப்போறேன்."

மச்சானின் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்கு மேலே போய், அழுத்தாமல், அந்தரத்திலேயே நின்றது. போனுக்குள்ளிருந்து மூடியின் சத்தம் அறை முழுக்க வந்துகொண்டிருந்தது. டம், டம், டம். மேனேஜர் கரடியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, டீப்பாய்மேல் காதைச் சாய்த்து, கவனமாகக் கேட்க ஆரம்பித்தாள்.